பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய கையேடு: முதலீட்டு ஈர்ப்புச் சேவை, ஒரு மதிப்பாய்வு

ஒரு பிராந்தியம் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தன் பக்கம் ஈர்ப்பதற்காக நடத்தும் முதலீட்டு ஊக்குவிப்பு முகமை, அரசாணையில் எப்படி விவரிக்கப்பட்டிருந்தாலும், நடைமுறையில் ஒரு சேவை நிறுவனம்தான். அதற்கு விளம்பரக் கையேடு உண்டு, வாடிக்கையாளரோடு பேசுவதற்கென்று ஆள் உண்டு, விற்பதற்கு நிலம், மின்சாரம், வரிவிலக்கு, மானியம், பயிற்சி பெற்ற பணியாளர்கள் எனச் சரக்கும் உண்டு. எனவே மற்றச் சேவைகளை எடைபோடுவது போலவே இதையும் எடைபோடலாம். புதிய அலுவலகத்துக்கோ ஆலைக்கோ இடம் தேடும் குழுவில், நிறுவனத்தின் பக்கம் அமர்ந்து இத்தகைய முகமைகளோடு பேசிப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆனால் இந்தச் சேவையைப் பெறுபவர் ஒருவர், அதற்குப் பணம் கட்டுபவர் வேறொருவர். ஆகவே வரி கட்டும் பொதுமக்களின் இடத்திலிருந்தும் இதைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேட்டின் முதல் பக்கங்களில் பெரிய எழுத்தில் அச்சாகும் பணச்சலுகைதான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. மின் இணைப்பு, தண்ணீர், கல்லூரிகளோடு முகமைக்கு உள்ள உறவு, அனுமதிகள் கிடைக்கும் வேகம், நிறுவனம் வந்து இறங்கிய பிறகு கிடைக்கும் கவனிப்பு என்று பின்பக்கங்களுக்குத் தள்ளப்படுபவையே காசு பெறுபவை. இத்தகைய கையேடு எது கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பதே என் வழக்கம். அப்படிப் படித்தால், முதல் பக்கத்துக்கு வந்து சேரும்போது அங்கே அச்சிட்டிருக்கும் சதவீதங்களைப் பற்றிய பிரமிப்பு பெரும்பாலும் தணிந்திருக்கும்.

கையேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதன் முன்னால் மடிக்கணினியுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்கள். உள்ளே, அந்தப் பிராந்தியத்தை நடுவில் வைத்து வட்டங்கள் வரைந்த உலக வரைபடம், எந்தத் தலைநகரத்துக்கு எத்தனை மணி நேர விமானப் பயணம் என்ற குறிப்புகளோடு. அடுத்து, ஆண்டுதோறும் வெளிவரும் பொறியியல் பட்டதாரிகளின் எண்ணிக்கை. அவர்களில் எத்தனை பேர் அதே ஊரில் வேலைக்கு நிற்கிறார்கள் என்ற விவரம் இருக்காது. அதன் பிறகு நிலவிலையில் கழிவு, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மூலதன மானியம், ஊதிய மானியம், வரி விடுமுறை (சில ஆண்டுகளுக்கு வரியே இல்லாமை) என்று அட்டவணை நீளும். மின்சாரத்துக்கு ஒரே ஒரு வரிதான்: தரமானது, தடையற்றது. அருகிலுள்ள துணைமின் நிலையத்தின் திறன் எத்தனை மெகாவாட், அதில் ஏற்கெனவே பிறருக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு, புதிய இணைப்புக்கு எத்தனை மாதம் ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தந்த கையேட்டை நான் பார்த்ததில்லை. கேட்ட மறுநாளே எழுத்தில் பதில் தரும் முகமை நல்ல முகமை. அதை மின்வாரியத்திடம் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவும் முகமைக்கு அந்த இடத்திலேயே பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்.

இந்தச் சேவை தன் உச்சத்தில் எப்படி இருக்கும் என்பதற்குப் பலரும் சுட்டிக்காட்டுவது கோஸ்டா ரிகாவை. நியாயமாகவே சுட்டுகிறார்கள். 1982-இல் தொடங்கப்பட்ட சிந்தே என்ற முகமை, 1990-களின் நடுவில் இன்டெல் நிறுவனம் புதிய சிப் பொதிவு (தயாரான சிப்பை உறையிலிட்டுப் பொருத்துவது), சோதனை ஆலைக்கு இடம் தேடுவதை அறிந்து அதைத் தொடர்ந்து அணுகியது. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். போட்டியில் பிரேசில், மெக்சிகோ போன்ற பெரிய நாடுகள் நின்றன. இன்டெல் தரப்பு கேட்ட கேள்விகள் எல்லாம் மிகச் சாதாரணமானவை: இவ்வளவு மின்சாரத்தைச் சீராகத் தர முடியுமா, பொருள்களை ஏற்றி அனுப்பப் போதிய விமானங்கள் உண்டா, இயந்திரங்களை இயக்கத் தொழில்நுட்பப் பணியாளர்கள் போதுமான அளவில் கிடைப்பார்களா?

சிந்தே ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குரிய துறையின் ஆளை மேசைக்கு அழைத்து வந்தது. மின்சாரத்துக்கு மின் நிறுவனம், விமானங்களுக்குப் போக்குவரத்து அமைச்சகம், ஆட்களுக்குக் கோஸ்டா ரிகா தொழில்நுட்பக் கழகம் என்று கேள்விகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆலைக்கெனத் துணைமின் நிலையம் ஏற்பாடாயிற்று. கழகத்தில் புதிய சான்றிதழ்ப் படிப்பு உருவாக்கப்பட்டது. அப்போதைய அதிபர் ஹோசே மரியா ஃபிகேரஸ் தாமே பேச்சுவார்த்தையில் ஈடுபட்டார். வரியைப் பொறுத்தவரை, சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டப்படி தகுதியுள்ள எவருக்கும் கிடைக்கக்கூடிய 8 ஆண்டு முழு விலக்கும் அடுத்த 4 ஆண்டுகளுக்குப் பாதி விலக்கும்தான் இன்டெலுக்கும் அடிப்படையாக அமைந்தன. 1996 நவம்பரில் இன்டெல் முடிவை அறிவித்தது. 1998-இல் ஆலை இயங்கியது. பின்னாளில் அந்த ஒரு நிறுவனமே நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஈட்டித் தந்தது.

ஆனால் எந்தச் சேவையையும் முதல் நாள் அனுபவத்தை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. 2014-இல் இன்டெல் பொதிவு, சோதனைப் பணிகளை ஆசிய ஆலைகளுக்கு மாற்றியது. சுமார் 1,500 பேர் வேலை இழந்தனர். 2020 இறுதியில் அதே பணிகளை மீண்டும் தொடங்கப் போவதாக அறிவித்த நிறுவனம், 2025-இல் அவற்றை வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் மாற்றப் போவதாக மறுபடியும் அறிவித்தது. இந்தப் போக்குவரத்துக்கு நடுவே, இரண்டு முறையும் இடம் மாறாமல் நின்றது பொறியியல் வடிவமைப்புப் பிரிவு. வரிவிலக்கு இரண்டு பிரிவுகளுக்கும் இருந்தது. ஆலையை மூட்டைகட்டி எடுத்துப் போக முடிந்தது; இருபது ஆண்டுகளாக உருவாகியிருந்த பொறியாளர் கூட்டத்தை அப்படி எடுத்துப் போக முடியவில்லை. என் கணக்கில் சிந்தே உண்மையிலேயே விற்ற சரக்கு அந்தத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய படிப்புகள்தான்.

ஒற்றைச் சாளர அனுமதி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பெரும்பாலான இடங்களில் அது சுருக்கமாகவே இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிராந்தியத்தின் இணையதளத்தில் நாங்கள் விண்ணப்பித்தபோது, ஒரே நிலப்பத்திரத்தை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகப் பதிவேற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு துறையும் கேட்ட கோப்பு அளவு வேறு, கையொப்பமிட வேண்டிய அதிகாரி வேறு. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வராமல் கட்டட வரைபடத்தைப் பார்க்கவே மாட்டோம் என்று திட்டமிடல் துறையும், அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் ஆய்வுக்கு வர முடியாது என்று தீயணைப்புத் துறையும் எழுதியிருந்தன. சாளரம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருந்த மேசைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. முகமையில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அதிகாரி நல்ல மனிதர், அழைத்தபோதெல்லாம் எடுத்துப் பேசினார். ஆனால் பிற துறைகளுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பும் அளவுக்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. முகமைக்கு மற்றத் துறைகள் மீது காலக்கெடு விதிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறதா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனிப் பணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் திமோத்தி பார்ட்டிக், முந்தைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், சலுகை பெறும் நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம் வரையிலானவைதான் அந்தச் சலுகையினால் முடிவை மாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்று கணக்கிட்டார். அதாவது நான்கில் மூன்று பங்கு நிறுவனங்களாவது, ஒரு காசு தராவிட்டாலும் அதே இடத்தில் அதே முடிவையே எடுத்திருக்கும். வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்து பார்த்தவனுக்கு இது வியப்பளிக்காது. இடத்தேர்வுக் குழு முதலில் ஆட்களையும் சந்தையையும் மின்சாரத்தையும் வைத்து இரண்டு மூன்று இடங்களாகச் சுருக்கிவிடும். சலுகைப் பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அந்தக் கட்டத்தில் முகமைக்குத் தெரியாத ஒன்று நிறுவனத்துக்குத் தெரியும்: தான் ஏற்கெனவே எந்த இடத்தை மனத்தில் வைத்திருக்கிறோம் என்பது.

அமேசான் 2017 செப்டம்பரில் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக வெளிப்படையாக அறிவித்தபோது, வட அமெரிக்கா முழுவதிலுமிருந்து 238 முன்மொழிவுகள் குவிந்தன. ஓராண்டுக்கு மேல் நீடித்த அந்தப் போட்டியின் முடிவில் 2018 நவம்பரில் தேர்வானவை நியூயார்க்கும், தலைநகர் வாஷிங்டனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும். தொழில்நுட்பப் பணியாளர்களும் அரசு வாடிக்கையாளரும் ஏற்கெனவே இருக்கும் இடங்கள் இவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நியூயார்க் கொடுக்க முன்வந்த சலுகைகளின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர். உள்ளூர் எதிர்ப்பு வலுத்ததால் 2019 பிப்ரவரியில் அமேசான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 1,500 பேர் பணியாற்றும் அலுவலகத்துக்காக மன்ஹாட்டனில் இடத்தை வாடகைக்கு எடுத்தது, இந்தச் சலுகைகள் எதுவும் இல்லாமலே. வாக்குறுதி தந்திருந்த 25,000 வேலைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கை என்பது உண்மைதான். ஆனாலும் நியூயார்க்கின் ஈர்ப்பு அந்த 300 கோடியில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்தது வர்ஜீனியாவின் தொகுப்பு. அதன் நேரடிப் பணம் 25,000 வேலைகளுக்கு 55 கோடி டாலர், அதாவது வேலை ஒன்றுக்கு 22,000 டாலர். அந்த வேலைகளின் சராசரி ஆண்டு ஊதியம் 1,50,000 டாலர் என்ற அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்கள் சேர்க்கப்பட்டுக் கணக்கு சரிபார்க்கப்பட்ட பிறகே பணம் கைமாறும். இதற்கு வெளியே, அந்த மாநிலம் பெரும்பணத்தை வேறிடத்தில் வைத்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் புதிய வளாகம், மாநிலம் முழுவதும் கணினி அறிவியல் பட்டதாரிகளின் எண்ணிக்கையை இருபது ஆண்டுகளில் 25,000-க்கும் மேல் கூட்டும் திட்டம் என்று அது விரிந்தது. 2023 மார்ச்சில் அமேசான் தன் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தபோது, ஆள் சேர்க்காத அளவுக்கு மாநிலத்தின் பணம் கைமாறவில்லை. பல்கலைக்கழகத் திட்டமும் தொடர்ந்தது. வாடிக்கையாளர் வராமல் போனாலும் கடைக்காரர் கையில் சரக்கு மிஞ்சும்படி எழுதிய ஒப்பந்தம் இது.

விஸ்கான்சின் மாநிலம் எழுதிய ஒப்பந்தம் இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்கியது. 2017-இல் ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீட்டில், 13,000 பேருக்கு வேலை தரும் மின்னணுத் திரை உற்பத்தி ஆலையை அமைக்கப் போவதாக அறிவித்தது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது: ஊதியச் செலவில் 17 சதவீதமும் மூலதனச் செலவில் 15 சதவீதமும் திருப்பித் தரப்படும். அந்த மாநிலத்தில் உற்பத்தித் தொழிலுக்கு வருமான வரி ஏற்கெனவே ஏறக்குறைய இல்லை என்ற நிலையில், வரிக்கழிவு என்று பெயரிடப்பட்ட இந்தத் தொகை நடைமுறையில் கருவூலத்திலிருந்து போகும் ரொக்கம். மாநிலச் சட்டமன்றத்தின் நிதி அலுவலகமே, போட்ட பணம் திரும்பி வர 2042-43 நிதியாண்டு ஆகிவிடும் என்று கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. அதற்கிடையில் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் வீடுகளும் பண்ணை நிலங்களும் கையகப்படுத்தப்பட்டன, சாலைகள் அகலப்படுத்தப்பட்டன, மிச்சிகன் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 70 லட்சம் கேலன் தண்ணீர் எடுக்க அனுமதி தரப்பட்டது. ஆலையின் வடிவம் மாறிக்கொண்டே போனது. 2021 ஏப்ரலில் திருத்தி எழுதிய ஒப்பந்தத்தில் முதலீடு 67.2 கோடி டாலராகவும், வேலைகள் 1,454 ஆகவும், சலுகை அதிகபட்சம் 8 கோடி டாலராகவும் சுருங்கின.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். 2023-இல் அதே மவுண்ட் பிளசன்டில் மைக்ரோசாஃப்ட் தரவு மையத்துக்காக நிலம் வாங்கியது. 2024 மே மாதம் 330 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. ஃபாக்ஸ்கானுக்காகப் போட்ட மின் வசதியும் தண்ணீர்க் குழாயும் சாலையும் அங்கே காத்திருந்தன. தரவு மையம் தரும் நிரந்தர வேலைகள் ஒரு ஆலை தருவதைவிட மிகக் குறைவு என்பதால் இதை வெற்றி என்று கொண்டாடுவதற்கில்லை. நிலம் இழந்தவர்களுக்கு இதில் ஆறுதலும் இல்லை. இருந்தாலும் ஒரு தொகுப்பின் எந்தப் பகுதி மிஞ்சும் என்ற கேள்விக்கு விஸ்கான்சின் தன்னை அறியாமலே பதில் தந்துவிட்டது.

கொடுத்ததைத் திரும்பப் பெறும் ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் முகமையின் தரத்தை அளக்க எளிதான அளவுகோல். டெல் நிறுவனம் 2005-இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் கணினி ஆலையைத் திறந்தது. 2009 அக்டோபரில் அதை மூடுவதாக அறிவித்தது. ஒப்பந்தத்தில் ஷரத்து தெளிவாக இருந்ததால், உள்ளாட்சிகளால் தாங்கள் கொடுத்த தொகையைத் திரும்பப் பெற முடிந்தது. போன ஆண்டுகளும் பயிற்சி பெற்ற ஆட்களின் வேலையும் திரும்பவில்லை என்பது வேறு விஷயம். நிறுவனங்கள் இந்த ஷரத்தை எதிர்க்கும் என்ற அச்சம் பல முகமைகளிடம் இருக்கிறது. என் அனுபவத்தில், தங்க நினைக்கும் நிறுவனம் ஷரத்தின் வாசகத்தைப் பற்றி மட்டுமே வாதாடும்: வேலை எண்ணிக்கையை ஆண்டு இறுதியில் எண்ணுவதா, சராசரியாக எடுப்பதா, ஒப்பந்தப் பணியாளர்கள் கணக்கில் சேர்வார்களா என்று. ஷரத்தே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நிறுவனத்தைப் பற்றித்தான் முகமை கவலைப்பட வேண்டும்.

அதே 2009 ஜனவரியில் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் டெல் தன் உற்பத்தியை நிறுத்திப் போலந்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. 1,900 வேலைகள் போயின. புதிய ஆலைக்கு 5.45 கோடி யூரோ வழங்கப் போலந்து அரசுக்கு ஐரோப்பிய ஆணையம் அனுமதி தந்தது. லிமெரிக்கில் வேலை இழந்தவர்களின் மறுபயிற்சிக்கும் ஐரோப்பிய ஒன்றியமே நிதி கொடுத்தது. ஒரே வரி கட்டுபவரின் பணம் ஒரு கையால் வேலையை நகர்த்தவும் மறு கையால் அதற்கு இழப்பீடு தரவும் செலவானது. கான்சஸ் நகரத்தின் நடுவே ஓடும் மாநில எல்லைக்கு இருபுறமும், சில மைல் தொலைவுக்கு அலுவலகத்தை மாற்றிய நிறுவனங்களுக்கு இரு மாநிலங்களும் பல ஆண்டுகள் போட்டி போட்டுக்கொண்டு சலுகை தந்தன. 2019-இல்தான் கான்சஸும் மிசௌரியும் போர் நிறுத்தத்துக்கு வந்தன. வாடிக்கையாளர் தரப்பில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் குறை சொல்வது பொருத்தமாக இல்லாமல் இருக்கலாம். கிடைத்ததை வாங்கிக்கொள்வது எங்கள் வேலையாகத்தான் இருந்தது.

அயர்லாந்தை வரியை மட்டும் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 1956-இல் ஏற்றுமதி லாபத்துக்கு வரிச்சலுகை, 1981-இல் உற்பத்திக்கு 10 சதவீத வரி, 2003-இல் வணிக வருமானத்துக்கு 12.5 சதவீதம் என்று அந்த நாடு பல பத்தாண்டுகள் ஒரே திசையில் நடந்தது. நிறுவனத்தின் நிதித்துறைக்கு விகிதத்தைவிட அந்த மாறாத்தன்மைதான் பெரிது. ஆனால் அதே காலத்தில் 1967-இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டதும், 1972-இல் லிமெரிக்கிலும் 1980-இல் டப்ளினிலும் புதிய உயர் தொழிற்கல்வி நிறுவனங்கள் திறக்கப்பட்டதும் இல்லாவிட்டால், 1989-இல் இன்டெல் லேக்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தபோது ஆள் கிடைத்திருக்காது. வரியில் இனிப் போட்டியிட இடமும் குறைந்துவிட்டது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அயர்லாந்தும் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு பிராந்தியம் வரியைப் பூஜ்யமாக்கினால், மீதியை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பெரிய நிறுவனத்துக்கு நீண்ட வரி விடுமுறையை இன்னமும் தலைப்பாகப் போடும் கையேடு, இந்தக் கணக்கைப் பார்க்காமல் அச்சிட்ட கையேடு.

அடிப்படை வசதிகளைப் பொறுத்தவரை, விற்றுத் தீர்ந்த சரக்கையும் விளம்பரத்தில் வைத்திருக்கும் குறை பல முகமைகளிடம் இருக்கிறது. அயர்லாந்தில் அளவிடப்பட்ட மின் நுகர்வில் தரவு மையங்களின் பங்கு 2015-இல் 5 சதவீதமாக இருந்து 2023-இல் 21 சதவீதமானது. அந்த ஆண்டு நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியது 18 சதவீதம். டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்பு பெறுவது 2021-க்குப் பிறகு கடினமாகிவிட்டது. சிங்கப்பூர் இதே நெருக்கடியைக் கையாண்ட விதம் எனக்கு நாணயமாகப்பட்டது. 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தது. 2022-இல் ஆற்றல் சிக்கனத்துக்குக் கடுமையான அளவுகோல்களோடு, குறைந்த அளவில், விண்ணப்பங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையில் மீண்டும் திறந்தது. 1961-இல் தொடங்கிய அதன் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் பெயர் இந்தத் துறையில் இன்னும் மதிக்கப்படுவதற்கு, இல்லாததை இல்லை என்று சொல்லும் இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஒரே வாடிக்கையாளர் இரண்டு இடங்களில் பெற்ற சேவையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும். தைவானின் சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சி 2020 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆலை அமைப்பதாகவும், 2021-இல் ஜப்பானின் குமாமோட்டோவில் ஆலை அமைப்பதாகவும் அறிவித்தது. இரண்டு அரசுகளும் தாராளமாகவே கொடுத்தன: அமெரிக்கா 660 கோடி டாலர் மானியம், ஜப்பான் முதல் ஆலைக்கு அதிகபட்சம் 47,600 கோடி யென். பின்னால் தொடங்கிய குமாமோட்டோ ஆலை 2024 பிப்ரவரியில் திறப்பு விழா கண்டது. அரிசோனாவில், தனித்திறன் பெற்ற பணியாளர்கள் போதவில்லை என்று கூறி, உற்பத்தித் தொடக்கத்தை 2024-இலிருந்து 2025-க்குத் தள்ளிவைப்பதாக நிறுவனம் 2023 ஜூலையில் அறிவித்தது. தைவானிலிருந்து ஆட்களை வரவழைக்க வேண்டியிருந்தது. குமாமோட்டோ இருக்கும் கியூஷூ தீவில் சிப் உற்பத்தி 1960-களிலிருந்தே நடக்கிறது. பக்கத்திலேயே கூட்டாளியான சோனியின் ஆலை, தூய்மை அறை (தூசி புகாதபடி அமைக்கும் சிப் உற்பத்தி அறை) கட்டத் தெரிந்த ஒப்பந்ததாரர்கள், வேதிப்பொருள் தருபவர்கள், நிலத்தடி நீர் எல்லாம் இருந்தன. அரிசோனா ஆலை நுட்பத்தில் மேம்பட்டது, அளவிலும் பெரியது. ஆகவே ஒப்பீடு முழுக்கச் சமமானதன்று. ஆயினும் தூய்மை அறையில் குழாய் பொருத்தத் தெரிந்த ஆளை எந்த மானியத்தாலும் ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது என்பதை அந்தத் தாமதம் காட்டியது.

பணத்தின் எல்லை எதுவென்று பார்க்க வேண்டுமானால் ஜெர்மனியின் மாக்டபுர்க் இருக்கிறது. இன்டெலின் சிப் ஆலைக்கு 2023-இல் பேசி முடிக்கப்பட்ட மானியம் 990 கோடி யூரோ. 2024 செப்டம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது, 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. பிராந்தியத்தின் மீது குறை எதுவும் இல்லை. நிறுவனத்தின் சொந்தத் தொழில் தள்ளாடியது.

இந்தச் சேவையின் பெரிய குறை என்று நான் கருதுவதை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான தொகுப்புகளில் நுழைவதற்கே இத்தனை கோடி முதலீடு, இத்தனை நூறு வேலை என்று வரம்பு வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் பெரிய பெயருக்கு அதிபர் வரை கதவு திறக்கிறது. அதே ஊரில் முப்பது பேரோடு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு முகமையின் வரவேற்பறை தாண்ட வழியில்லை. எஸ்டோனியா இந்த விஷயத்தில் விதிவிலக்கு. 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிறுவனத்துக்குள்ளேயே மறுமுதலீடு செய்யும் லாபத்துக்கு வருமான வரி இல்லை. பங்காதாயமாக வெளியே எடுக்கும்போதுதான் வரி. பெரியவர், சிறியவர், வந்தவர், இருந்தவர் என்ற பாகுபாடு அதில் கிடையாது, யாரும் யாரிடமும் பேரம் பேச வேண்டியதும் இல்லை. 2014 டிசம்பரில் தொடங்கிய மின்வசிப்புரிமை (இ-ரெசிடென்சி) திட்டத்தின் மூலம் அங்கே போகாமலே நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் குடியேற முடியும் என்று நினைத்துச் சிலர் ஏமாறுகிறார்கள். அந்த உரிமை அதில் அடங்காது.

தைவான் 1980-இல் சிஞ்சு அறிவியல் பூங்காவைத் தொடங்கியபோது அதற்கும் வரிச்சலுகைக் கையேடு இருந்தது. ஆனால் பூங்காவுக்கு அருகிலேயே இரண்டு பல்கலைக்கழகங்களும், 1973-இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகமும் இருந்தன. அந்தக் கழகத்திலிருந்து 1987-இல் ஒரு நிறுவனம் பிரிந்து வந்தது. அதன் தொடக்க மூலதனத்தில் ஏறத்தாழ பாதியை அரசின் வளர்ச்சி நிதி போட்டது. அரிசோனாவும் குமாமோட்டோவும் இன்று மானியம் கொடுத்து அழைத்திருக்கும் டிஎஸ்எம்சி அந்த நிறுவனம்தான்.